மாவட்டப் பேச்சு, மொழிப் பயிற்சியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி தொழில் நெறிமுறைக்குச் சென்றதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

பெற்றோரின் மனக்குறைகளில் பல, முதல் நாள் பேச்சிலிருந்தே தொடங்குகின்றன. "எப்போது சார் பேசுவான்?" என்று தாய் கேட்கும்போது "ஆறு மாதத்தில் பேச வைத்துவிடலாம்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த வாக்குறுதியை யாரும் கொடுக்க முடியாது. குழந்தை இன்று எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த 12 வாரத்துக்கு இலக்கு என்ன என்பதைச் சொல்லலாம். இலக்கும் எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "உச்சரிப்பு மேம்படும்" என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. "சொல் முதலில் வரும் 'க' ஒலியை 20 சொற்களில் 16-ல் சரியாகச் சொல்வாள்" என்று எழுதினால் தாயே எண்ணிப் பார்ப்பார். 12 வாரத்தில் அசைவே இல்லையென்றால் முறையை மாற்ற வேண்டும், அல்லது வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். அதே பயிற்சியை நீட்டித்துக் கட்டணம் வாங்குவது தவறு.

பேச்சுத் தாமதம் என்று வரும் குழந்தைக்குச் செவித்திறன் சோதனை முடியாமல் பயிற்சி தொடங்கக் கூடாது. கதவு தட்டினால் திரும்பிப் பார்க்கிறான் என்பது போதாது. ஓரளவு குறைவுள்ள குழந்தையும் திரும்பும், ஆனால் 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் அதன் காதில் விழாது. ஒலிக்கு உட்செவி தரும் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ. சோதனையை மட்டும் செய்துவிட்டு நிறுத்துவதும் ஆபத்து. உட்செவி சரியாக இருந்து நரம்பில் குறையிருந்தால் அதில் இயல்பு என்றே வரலாம். ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அலைகளைப் பதியும் பெரா சோதனையில்தான் அது தெரியும்.

மதிப்பீட்டில் நடக்கும் பிழை ஒன்றைத் தனியே பேசினோம். தென்மாவட்டங்களில் பல வீடுகளில் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். வீடே அப்படிப் பேசும்போது குழந்தைக்கு 'ழ' வரவில்லை என்று குறைபாடு எழுதுவது அநியாயம். எழுத்துத் தமிழில் கேள்வி கேட்டு, பேச்சுத் தமிழில் வந்த பதிலுக்கு மதிப்பெண் குறைப்பதும் அப்படியே. வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லும் அறிவுரைக்கு ஆதாரமே இல்லை. பாட்டியோடு பேசும் மொழியை அது குழந்தையிடமிருந்து பறிக்கிறது.

விசில், பலூன், மெழுகுவத்தி ஊதும் பயிற்சிகள் பற்றி வாக்குவாதம் நடந்தது. செயற்குழுவின் நிலை இது: உச்சரிப்புக் குறைக்கு அவற்றால் பலன் உண்டென்று நல்ல ஆய்வுகள் காட்டவில்லை. ஊதும்போது உதடும் நாக்கும் வேலை செய்யும் விதம் வேறு, 'ப' சொல்லும்போது வேறு. ஒலி வர வேண்டுமானால் ஒலியைத்தான் பழக்க வேண்டும். பெற்றோர் விரும்பிக் கேட்டாலும் இதைச் சொல்லி மறுக்கும் கடமை நமக்கு உண்டு.

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, அக்குழுமத்தில் பதிவில்லாமல் நம் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறுகிய காலச் சான்றிதழோடு மையம் திறப்பவர்களைக் குறை சொல்கிறோம். ஆனால் அவர்கள் பலகையில் தன் பதிவெண்ணைப் போட அனுமதிப்பவர் நம்மில் ஒருவராக இருந்தால் அதுதான் பெரிய குற்றம். பயிற்சி மாணவர் தனியே நடத்திய அமர்வில் மூத்தவர் கையெழுத்திடுவதும், நடக்காத அமர்வைக் காப்பீட்டுப் பதிவேட்டில் எழுதுவதும் பொய்ச் சான்றே.

குழந்தையின் காணொளிக்குத் தனி ஒப்புதல் வேண்டும். சிகிச்சைக்குக் கொடுத்த கையெழுத்து விளம்பரத்துக்குச் செல்லாது. முகத்தை மறைத்தாலும் குரலும் பள்ளிச் சீருடையும் அடையாளம் காட்டிவிடும்.

முதல் நாளே கட்டணம், அமர்வு எண்ணிக்கை, மறுமதிப்பீட்டுத் தேதி, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளும் உரிமை ஆகியவை எழுதிய ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தைப் பெற்றோர் கையில் கொடுப்பதை எல்லா உறுப்பினர்களுக்கும் கட்டாயமாக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்