சும்மா கிடக்கும் மூளை எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் வந்த மூளைத்திறன் கட்டுரையில் “நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், மீதி 90 சதவீதம் சும்மா கிடக்கிறது” என்று ஒரு வரி இருந்தது. எத்தனையோ பேர் படிக்கும் பக்கம் அது. நீங்களும் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

அந்த வரியைப் படித்துவிட்டு ஓர் உறவினர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கவாதத்தில் பேச்சு போன என் கணவரிடம், “அண்ணே, மூளையில தொண்ணூறு பங்கு சும்மாதான் கிடக்காம். நீங்க மனசு வச்சா பேசிடலாம்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு எல்லாம் புரியும் ஐயா. பேசத்தான் வராது.

அவருக்கு அடிபட்டது இடது பெருமூளையில், நெற்றி மடலின் கீழ்ப்பகுதி. பேச்சை உருவாக்குவதில் அந்த இடத்துக்குப் பங்கு உண்டு என்று 1861-லேயே பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் சொல்லிவிட்டார். பக்கத்திலேயே கையையும் முகத்தையும் அசைக்கும் பகுதி இருப்பதால் வலது கையும் வாயின் வலது ஓரமும் சேர்ந்து விழுந்தன. இடது மூளை வலது உடம்பை ஆள்கிறது, நரம்புகள் மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் குறுக்கே கடக்கின்றன என்பதெல்லாம் பள்ளிப் பாடம், உங்களுக்குத் தெரியாததல்ல.

மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டால், அவர் வாய் திறந்து திறந்து மூடும். நெற்றி வியர்த்துவிடும். ஆனால் “ஒன்று, இரண்டு” என்று நான் எடுத்துக் கொடுத்தால் பத்து வரைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்வார். பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தால் வார்த்தை பிசகாமல் கூடவே பாடுவார். பாட்டு முடிந்ததும் பழையபடி மௌனம். பழகிப்போன வரிசையும் ராகத்தோடு வரும் சொல்லும் மூளையில் வேறு வழியிலும் ஓடுகின்றன என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொன்னார். இப்போது ராகம் போட்டுத்தான் ‘தண்ணி வேணும்’ என்று கேட்கப் பழக்குகிறார்கள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறவளிடம் 90 சதவீதம் சும்மா கிடக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பிடரி மடலில் அடிபட்டால் கண் நன்றாக இருந்தும் பார்வை போகும். சிறுமூளையில் அடிபட்டால் நடை தள்ளாடும், நாக்கு குழறும். 1953-ல் அமெரிக்காவில் ஓர் இளைஞருக்கு வலிப்பை நிறுத்த நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை இரண்டு பக்கமும் வெட்டினார்கள். அதற்கப்புறம் நடந்த எதையும் அவரால் நினைவில் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. முகுளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மூச்சே அதன் கையில். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே வரும், ஏறக்குறைய 1.4 கிலோ உள்ள உறுப்பு, உடம்பின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போதும் அது ஓய்வதில்லை. நோயாளி தேறுவதும் சும்மா கிடந்த பகுதி விழித்துக்கொள்வதால் அல்ல. ஏற்கெனவே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் அக்கம்பக்கத்துப் பகுதிகள் கூடுதல் சுமையையும் ஏற்றுக்கொள்கின்றன. அதனால்தான் அது அவ்வளவு மெதுவாக நடக்கிறது.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு இதே பக்கத்தில் ‘நீங்கள் இடது மூளைக்காரரா, வலது மூளைக்காரரா’ என்று கேள்வித்தாள் போட்டீர்கள். வலிப்புக்காக இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றையைத் துண்டித்தவர்களை ஆராய்ந்து ரோஜர் ஸ்பெர்ரி 1981-ல் நோபல் பரிசு வாங்கினார். அந்த ஆராய்ச்சியை இழுத்து நீட்டி, கற்றை முழுசாக உள்ள குழந்தைகளையெல்லாம் இரண்டு ஜாதியாகப் பிரிப்பது என்ன நியாயம்? அப்புறம் நடுமூளையைத் தூண்டினால் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கலாம் என்ற விளம்பரம். நடுமூளை கண்விழி அசைவையும் கண்பாப்பா சுருங்குவதையும் பார்த்துக்கொள்கிறது. மூடிய கண்ணுக்கு அது எழுத்தைக் காட்டாது. இன்னோர் இதழில், பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையை நெற்றிக்குப் பின்னால் காட்டிப் படம் வந்தது. அப்போதே கடிதம் போட்டேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை.

இத்தனை பக்கம் மூளைக்கு ஒதுக்கினீர்களே, வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கை தானாக இறங்கினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கலாமே. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். என் கணவருக்கு வாய் குழறிய அன்று சுற்றி இருந்தவர்கள் “அசதி, படுத்தால் சரியாகும்” என்றார்கள். மூளையை எழுப்பச் சொல்லும் கட்டுரைகளை அவர்களும் படித்தவர்கள்தான்.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்த 10 சதவீதக் கணக்கு தவறு என்று இரண்டு வரி போடுங்கள். இனி அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். திருத்தம் வந்தால் அந்த உறவினருக்கு ஒரு பிரதி அனுப்ப நினைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி