பாய்மரப் படகில் விருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் ஒரு நண்பர், பாய்மரப் படகுப் பந்தயமெல்லாம் பணக்காரர்கள் கடலில் விருந்து சாப்பிடப் போகிற உல்லாசம், அதற்கு நம் பத்திரிகையில் எதற்கு இடம் என்று கேட்டிருந்தார். படகு வாங்குவது பணக்காரர் காரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 'விருந்து' என்ற சொல் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் மலேசியாவின் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் இரண்டு முறை ஒரு படகில் போனவன் நான். இரண்டு முறையும் அடுப்பு என் பொறுப்பில்தான் இருந்தது.

1990-இல் தொடங்கிய பந்தயம் அது. நவம்பரில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பி பங்கோர், பினாங்கு, லங்காவி என்று வடக்கே போகும். நான் பட்டர்வொர்த்தில் பிறந்தவன், அப்பா லாரி ஓட்டியவர், எங்களிடம் ஒரு சம்பான், அதாவது சின்னத் துடுப்புப் படகுகூட இருந்ததில்லை. ஆள் குறைந்துபோன ஒரு படகின் கேப்டன், "கீழே நின்று வாந்தி எடுக்காமல் யாரால் சமைக்க முடியும்?" என்று கேட்டபோது கையைத் தூக்கினேன், ஏற்றிக்கொண்டார்கள். ஒரு காசு கொடுக்கவில்லை.

அங்கே அடுப்படி என்பது ஒரு ஆள் திரும்பி நிற்கும் இடம். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு தூளி மாதிரி தொங்கும். படகு சாயும்போது அடுப்பு மட்டும் நேராக நிற்கும், சாய்வது நாம்தான். பாத்திரம் நழுவாமல் இருக்கச் சுற்றிலும் கம்பிப் பிடி, சமைப்பவர் விழாமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. அந்தப் புழுக்கத்திலும் மழைக்குப் போடும் தடித்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் கொதிக்க வைப்பேன், ஏனென்றால் வெந்நீர் தொடையில் கொட்டினால் ஓடிப்போய்ப் பார்க்க நடுக்கடலில் மருத்துவமனை கிடையாது. எந்தப் பாத்திரத்தையும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பிரஷர் குக்கரைப்போல நல்ல துணை வேறில்லை, மூடி பூட்டிக்கொள்வதால் உருண்டு விழுந்தாலும் சோறு உள்ளேயே இருக்கும்.

முதல் ஆண்டு தெரியாமல் நெத்திலியை எண்ணெயில் வறுக்கப் போனேன். புகை கீழே முழுக்க அடைத்துக்கொண்டது, மேலே படகைப் பார்த்துக்கொள்ளும் காவல் முறையை முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்த மூன்று பேர் எழுந்து மேலே ஓடினார்கள், அதில் ஒருவருக்கு விடியும்வரை வாந்தி நிற்கவில்லை. அவருக்கு நான் செய்தது இன்னும் மனதில் இருக்கிறது. அடுத்த ஆண்டு தாளிப்பு வேலையெல்லாம் கரையிலேயே முடிந்துவிட்டது. அம்மா புளிக்காய்ச்சலை எண்ணெய் மிதக்கக் காய்ச்சிப் போத்தலில் அடைத்துக் கொடுத்தார், நெத்திலி சம்பல் இன்னொரு போத்தல், ரவையைத் தாளித்து வறுத்துப் பையில் கட்டியாயிற்று. கொதிக்கிற நீரை ஊற்றிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. முதல் இரவுக்கு நம் பாட்டிமார் பயணத்துக்குக் கட்டிய அதே கட்டுச்சோறு. படகில் இருந்த எட்டுப் பேரில் நான் ஒருவன்தான் தமிழன். புளிச்சோற்றை முதலில் முகர்ந்து பார்த்துத் தயங்கிய ஆஸ்திரேலியர்தான் இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டினார்.

அப்புறம் தூக்கம். நான்கு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு, இரவும் பகலும் அப்படியேதான். ஒருவர் எழுந்த படுக்கையின் சூடு ஆறுமுன் அடுத்தவர் அதில் படுப்பார். கூடுதல் எடை வேகத்தைக் குறைக்கும் என்பதால் மாற்றுத்துணி ஆளுக்கு ஒன்று, குளியல் இல்லை, குடிநீர் அளந்துதான். நம் மலாக்கா நீரிணையில் விடியலுக்கு முன் சுமாத்ரா காற்று என்கிற புயல்மழை திடீரென்று வரும். எல்லாரும் மேலே ஓடி, மழை முகத்தில் அறைய அறையப் பாயைச் சுருக்கிக் கட்டி, கை நடுங்கக் கீழே வரும்போது, முன்னிரவிலேயே சுடுநீர்க் குடுவையில் ஊற்றி வைத்த மைலோவை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன் பாருங்கள், அந்தப் படகில் நான் செய்த முக்கியமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்களுடையது துறைக்குத் துறை ஓரிரண்டு இரவுப் பயணம். உலகைச் சுற்றும் பந்தயங்களில் இந்த வசதியும் கிடையாது. 2008 டிசம்பரில் வோல்வோ பந்தயப் படகுகள் கொச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நம் மலாக்கா நீரிணை வழியாகத்தான் போயின. அவற்றில் போகிறவர்களுக்கு, உறையவைத்து உலர்த்திய பொட்டல உணவில், கடல்நீரை உப்புநீக்கிச் சுடவைத்து ஊற்றிக்கொள்வதுதான் சாப்பாடு. வாரக்கணக்கில் அதேதான். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடல் குளிரில் ஒரு நாளைக்கு 5,000 கலோரி வேண்டியிருக்கும், எவ்வளவு தின்றாலும் உடல் இளைத்துத்தான் கரை சேர்வார்கள்.

பந்தயம் இல்லை என்றாலும் இதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா என்ற இந்தியக் கடற்படை அதிகாரி, கேரளத்தின் தில்னாவோடு 'தாரிணி' என்ற 56 அடி பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பி வந்தார். படகில் அந்த இரண்டு பெண்கள் மட்டும்தான். நம் மலேசியாவின் அஸார் மன்சோர் 1999-இல் லங்காவியிலிருந்து தனி ஆளாகவே சுற்றி வந்தார். இவர்களை உல்லாசப் பயணிகள் என்று யாராவது சொல்வார்களா?

ஆசிரியர் ஐயா, பந்தயப் படகுகள் பினாங்கில் கட்டியிருக்கும் நாட்களில் ஒரு நிருபரை அனுப்புங்கள். கோப்பையோடு நிற்கும் படம் வேண்டாம், கீழே இறங்கி அடுப்படியைக் காட்டச் சொல்லுங்கள். படகுக்கு ஆள் தேவைப்படும்போது கேப்டன்கள் என்ன பார்க்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். எங்கள் பட்டர்வொர்த் பக்கத்து ஊர்களான பிறையிலும் பாகான் டாலாமிலும் சமைக்கத் தெரிந்த, கடலுக்குப் பயப்படாத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இப்படி ஒரு வாசல் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நிருபர் வந்தால் புளிக்காய்ச்சலோடு நானும் துறைக்கு வருகிறேன்.

அன்புடன்,
வாசகர், பட்டர்வொர்த்