முன்னால் போகிற சின்ன வண்டி

சவுத் ஹெட்லண்ட்,
மேற்கு ஆஸ்திரேலியா.
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே. போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. மீதிப் பாதியில் அம்மா நடுவில் புகுந்து, சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். அக்கா நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீடு உயரத்துக்கு இருக்கும் லாரியை நான் ஓட்டுவதாகக் கொரடாச்சேரி கடைத்தெரு முழுக்கப் பேச்சு என்று அக்கா சொன்னாள். அந்த லாரியை நான் ஓட்டவில்லை அப்பா. அதைச் சுமந்து போகிற டிரெய்லரையும் நான் ஓட்டவில்லை. அதற்கெல்லாம் முன்னால், கூரையில் மஞ்சள் பலகையும் சுழல்கிற மஞ்சள் விளக்கும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன பிக்கப் வண்டி போகும். அதில்தான் உங்கள் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். மெக்கானிக்காக வந்தவன், இன்றைக்கும் கையில் கிரீஸ்தான். பெரிய சுமை கிளம்பும்போது மட்டும் பைலட்டாக முன்னால் போகிறேன். அதற்குத் தனிப் பயிற்சி, தனி லைசென்ஸ். சம்பளத்துக்குக் குறைவில்லை. அதைக் கடைத்தெருவில் சொல்ல வேண்டாம்.

லாரியை எதற்கு இன்னொரு லாரியில் ஏற்ற வேண்டும், அதுவே ஓடிப் போகாதா என்று போன முறை கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அது சுரங்கத்துக்குள் ஓடுவதற்கென்றே செய்த வண்டி. நாங்கள் அடிக்கடி ஏற்றுவது கேட்டர்பில்லர் 793 என்கிற வகை. ஒரு நடைக்கு 227 டன் இரும்புத்தாது எடுக்கும். நம் கொள்முதல் நிலையக் கணக்கில் 40 கிலோ சிப்பம் 5,600-க்கு மேல், ஒரே வண்டியில், ஒரே நடையில். (அத்தனை சிப்பம் எடை போட்டு முடிப்பதற்குள் நமக்கு எத்தனை தடவை சாக்கு தீர்ந்துபோகும்!) சுமையோடு வண்டியின் மொத்த எடை 390 டன் வரும். டயர் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட பன்னிரண்டு அடி உயரம், அப்படி ஆறு டயர். தார்ச்சாலையில் இறக்கிவிட்டால் சாலை தாங்காது. அகலமும் இரண்டு தடத்தை அடைத்துக்கொண்டு வெளியே நீட்டும்.

ரயிலில் ஏற்றலாமே என்று அடுத்து கேட்பீர்கள். ரயில் இருக்கிறது, அதுவும் சாதாரண ரயில் இல்லை. 2001-ல் நியூமன் என்கிற சுரங்க ஊர்ப் பக்கத்திலிருந்து இங்கே போர்ட் ஹெட்லண்ட் துறைமுகத்துக்கு 682 பெட்டிகளோடு ஒரு தாது ரயில் விட்டார்கள். நீளம் 7.3 கிலோமீட்டர். ஆனால் அதெல்லாம் தாதுப் பெட்டி போகிற அகலத்துக்குப் போட்ட பாதை. இந்தப் பூதத்துக்குச் சாலையை விட்டால் வேறு வழி கிடையாது.

லாரியைச் செய்வது அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து டிகேட்டர் என்கிற ஊரில். அங்கிருந்து பகுதி பகுதியாகக் கப்பலில் வரும். இறங்கியதும் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது, பூச்சிச் சோதனை இருக்கிறது. இது உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ஒரு பழுப்பு நாற்றப்பூச்சி இருக்கிறது. நம் கதிர்நாவாய்ப் பூச்சிக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம், நசுக்கினால் அதே மாதிரி நாறும். பழத்தோட்டத்தையும் காய்கறியையும் உறிஞ்சித் தீர்த்துவிடும். குளிர்காலம் வந்தால் இயந்திரங்களின் இடுக்கில் போய் ஒடுங்கிக்கொள்ளும். அது இந்த நாட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று, செப்டம்பர் முதல் ஏப்ரல் முடிய அங்கிருந்து கப்பலேறும் சரக்குக்குக் கெடுபிடி. மருந்துப் புகை போட்டோ சூடேற்றியோ அனுப்ப வேண்டும். அது போக மண், விதை எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. நூறு டன் இரும்பின் அடியில் ஓர் அதிகாரி டார்ச் விளக்கோடு மல்லாந்து படுத்து, போல்ட் இடுக்கில் ஒட்டிய புல்விதையைத் தேடிக்கொண்டிருப்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் ஆகாயத்தாமரை வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்பதை நினைத்தபிறகு சிரிப்பு வரவில்லை.

தாது கொட்டுகிற தொட்டி தனியாக, டயர் தனியாக, வண்டியின் உடல் தனியாக ஏற்றுவோம். தொட்டியும் டயரும் போன பிறகும் அந்த உடல் மட்டும் ஏறக்குறைய நூறு டன். அதை ஏற்றுகிற டிரெய்லர் தாழ்வான மேடை. அடியில் வரிசை வரிசையாக அச்சு, ஒவ்வொரு வரிசைக்கும் ஹைட்ராலிக். பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினாலும் மேடை சாயாமல் சமமாக நிற்கும். முன்னால் ஒரு பிரைம் மூவர், அதாவது டிரெய்லரை இழுக்கிற லாரித் தலை, இழுக்கும், ஏற்றம் வந்தால் பின்னாலிருந்து இன்னொன்று தள்ளும். சங்கிலி போட்டுக் கட்டுவதற்கே அரை நாள் ஆகிவிடும். ஒவ்வொரு சங்கிலியையும் இறுக்கிவிட்டு, கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, திரும்ப இறுக்க வேண்டும். இங்கே சில மாதங்கள் வெயிலில் அந்தச் சங்கிலியை வெறுங்கையால் தொட முடியாது. இந்தப் பகுதியில் ஆன்ஸ்லோ என்ற ஊரில் 2022 ஜனவரியில் 50.7 டிகிரி அடித்தது. இப்போது மே மாதம், தேவலை. அம்மா கவலைப்பட வேண்டாம்.

இங்கிருந்து நியூமன் வரை 450 கிலோமீட்டர் சொச்சம், கிரேட் நார்தர்ன் நெடுஞ்சாலை. எங்கள் பர்மிட்டில் இருட்டியபின் ஓட்டக் கூடாது என்று போட்டிருப்பதால் ஒரே நாளில் போய்ச் சேர முடியாது.

இந்த வேலை உங்களுக்குத் தெரியாத வேலை இல்லை அப்பா. பங்குனியில் திருவாரூருக்குக் கூட்டிப்போவீர்களே, எல்லோரும் ஆழித்தேரை அண்ணாந்து பார்க்க, நீங்கள் மட்டும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் காட்டுவீர்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வரலாம், வீதி திரும்ப வைப்பது இவர்கள்தான் என்பீர்கள். அதே கதைதான் இங்கேயும். இழுக்கிறவனுக்குத் தன் முன்னால் இருக்கிற சாலை தெரியும், ஆனால் வளைவுக்கு அந்தப்பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. அதை நான் ரேடியோவில் சொல்ல வேண்டும். தேரைப் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிற மாதிரி இங்கே தள்ளுகிற வண்டி. தேர் வருமுன் நான்கு வீதியிலும் கம்பியை இறக்கி மின்சாரத்தை நிறுத்துகிற மாதிரி, இங்கே உயரமான சுமை போகிற பாதையில் முன்கூட்டியே ஒருவர் போய்க் கம்பி ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வருவார். தாழ்வாக இருந்தால் மின்வாரியத்து ஆள் வந்து தூக்கிப் பிடிக்கும் வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான், எத்தனை மணி நேரமானாலும். இதில் யாரும் முணுமுணுப்பதில்லை. 2022 ஏப்ரலில் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் கம்பியில் பட்டு 11 பேர் போனார்களே, அந்தச் செய்தியை இங்கே கூட வேலை செய்கிற பெரியவர் ஒருவருக்குச் சொன்னேன். அதற்கப்புறம் புதிதாக வருகிற பையன்களுக்கெல்லாம் அதை அவர்தான் எடுத்துச் சொல்கிறார்.

எதிரே வருவதும் லேசுப்பட்ட வண்டிகள் இல்லை. ரோடு டிரெயின் என்பார்கள், மூன்று டிரெய்லர் கோத்து 53.5 மீட்டர் நீளம். அவன் வேகத்தைக் குறைக்கவே வெகு தூரம் வேண்டும். அதனால் நான் ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னால் போய், "அகலச் சுமை வருகிறது, சாலை முழுக்க எங்களுக்கு வேண்டும், ஓரம் கெட்டியான இடம் பார்த்து ஒதுங்குங்கள்" என்று சொல்லிக்கொண்டே போவேன். ஓரம் கெட்டி என்று நான் சொல்லி அவன் ஒதுங்கி, மண் உள்வாங்கிவிட்டால் அவன் கதி என்ன? அதனால் கண் சாலையில் இருப்பதை விட ஓரத்து மண்ணில்தான் அதிகம் இருக்கும். வண்டல் மண்ணில் டிராக்டரை இறக்கப் பழகியவனுக்கு இந்தச் செம்மண் பிடிபடக் கொஞ்ச நாள் ஆயிற்று. மேலே ஓடு மாதிரி காய்ந்திருக்கும், அடியில் மாவு.

பாலம் வந்தால் எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டு, சுமை மட்டும் நட்டநடுவில் ஊர்ந்து போகும். பாலத்துக்கு அடியில் பெரும்பாலும் வெறும் மணல். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடியபின் கோடையில் நம் வெட்டாறு எப்படிக் கிடக்குமோ அப்படி. புயல் வந்தால் மட்டும் ஒரே நாளில் வெள்ளம் ஏறிக் கரை தெரியாது, சாலையையே மூடிவிடுவார்கள். மாடுகளுக்கு வேலி கிடையாது. சுமை வருகிறது என்று மாட்டிடம் ரேடியோவில் சொல்ல முடியுமா? இறங்கிப்போய், நீங்கள் ஓட்டுகிற அதே சத்தம் கொடுத்து ஓட்டுவேன். இந்த ஊர் மாட்டுக்கும் அது புரிகிறது.

இனி முக்கியமான விஷயம். சின்னத்தை பையனிடம் ஏஜென்ட் ஒருவர் எட்டு லட்சம் கேட்கிறாராம், ஆஸ்திரேலியாவில் சுரங்க லாரி டிரைவர் வேலை என்று. நீங்கள் நிலத்தின் பேரில் கடன் வாங்கித் தரலாமா என்று யோசிப்பதாக அக்கா சொன்னாள். ஒரு பைசா கொடுக்கக் கூடாது. நான் டீசல் மெக்கானிக் தகுதியில் வந்தவன். டிப்ளமா, நெய்வேலியில் ஒப்பந்த வேலை, மஸ்கட் வேலை, எல்லாவற்றுக்கும் காகிதம் காட்டி, ஆங்கிலத் தேர்வு எழுதி, அதற்கே எத்தனை அலைச்சல் என்று நீங்கள் பார்த்தீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். நாங்கள் சுமந்து போகிற இந்த லாரிகளில் நிறைய வண்டிக்கு டிரைவரே கிடையாது. 2008-லேயே இந்தப் பகுதியில் ஆளில்லா லாரியைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நியூமன் பக்கம் ஜிம்பிள்பார் சுரங்கத்தில் 2017 முதல் தாது லாரி எல்லாமே தானாக ஓடுகிறது. சில கம்பெனிகளின் வண்டியை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெர்த்தில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். ஸ்டீயரிங் பிடிக்க ஆளே வேண்டாத வண்டிக்கு இவர் எட்டு லட்சம் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்புகிறாராம். பையன் கெட்டிக்காரன், கை வேலை தெரிந்தவன். அவனை ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் சேரச் சொல்லுங்கள். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். முடித்து, நாலைந்து வருஷம் வேலை பார்த்தபின் எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம்.

குறுவைக்கு ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று ஏதாவது பேச்சு இருக்கிறதா? திறந்தாலும் திறக்காவிட்டாலும் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிவிடுங்கள். பணம் இந்த வாரம் அனுப்புகிறேன். காது மெஷினை டப்பாவிலேயே வைத்திருக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள், அது அலமாரிக்கு வாங்கியதில்லை.

அக்கா, ஏஜென்ட் விஷயத்தை மட்டும் சின்னத்தை வீட்டில் இருக்கும்போது சத்தமாக வாசி. சம்பளம் பற்றின வரியைத் தாண்டிவிடு.

அன்புடன்,
உங்கள் மகன்