நிறத்துக்கு ஒரு குரல்

அன்புள்ள மாப்ளைக்கு,

காங்கேயத்துல நல்ல மழைன்னு எழுதியிருந்தே. இங்க சோமனூர்ல மோடம் போட்டதோட சரி.

ஊதா பர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்துல சொட்டுச் சொட்டா விட்டு, நிறம் போகாம நிக்கற வரைக்கும் எவ்வளவு செலவாகுதுன்னு அளக்கற தரம்பார்த்தலை, கண்ணு தெரியாத பொண்ணு தானே செய்ய வழி கேட்டியே. நிறம் நிக்கற அந்த முடிவுப்புள்ளி வந்ததும் கத்துற பெட்டி வேண்டாம். நடுவுல நடக்கறதும் அவளுக்குக் கேக்கணும். போர் மோட்டார் தண்ணி எடுக்குதா காத்து எடுக்குதான்னு நாம காதுலயேதானே கண்டுபிடிக்கறோம்?

சுருதி எழுப்ப 555ங்கற ஐசி சில்லு ஒண்ணு வாங்கு. 4, 8 கால்கள் 5 வோல்ட்டுக்கு, 1 கிரவுண்டுக்கு. 7–8 நடுவுல 1 கிலோ ஓம், 7–6 நடுவுல எல்டிஆர், அதாவது வெளிச்சம் குறைஞ்சா தடை ஏறற உணரி. 2, 6 ரெண்டையும் சேத்து, அங்கிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்கு. 3லிருந்து 100 ஓம், 10 மைக்ரோஃபாரட் வழியா ஸ்பீக்கர். தானாக் கத்துற பஸ்ஸர் வாங்கிடாதே, அதுக்கு ஒரே சுருதிதான். எல்டிஆர் 10 கிலோ ஓம்ல நின்னா சுமார் 690 ஹெர்ட்ஸ். வெளிச்சம் குறைஞ்சு 20க்குப் போனா 350, குரல் இறங்கிடும்.

பீக்கருக்கு ஒரு பக்கம் 470 ஓமோட எல்இடி, எதிர்ல எல்டிஆர். எல்இடி பச்சையாவே இருக்கணும். பர்மாங்கனேட் உறிஞ்சறது 525 நானோமீட்டர் பக்கம், அது பச்சை வெளிச்சம். சிவப்புன்னா குரல் அவ்வளவா அசையாது.

ஆக்சாலிக் அமிலத்துல முதல் சொட்டு விழுந்ததும் குரல் இறங்கி, நிறம் உடனே போகாததால சீக்கிரம் ஏறாது. முடிஞ்சுதுன்னு ஏமாந்துடுவாங்க. மாங்கனீஸ் அயனி கொஞ்சம் உண்டான பிறகுதான் வினை வேகம் பிடிக்கும், அதுவே வினையூக்கி. அப்புறம் சொட்டுக்குச் சொட்டு பொசுக்குன்னு இறங்கி ஏறும். கடைசியில ஏற்றம் தாமதமாகும். 30 விநாடி ஏறவே இல்லைன்னா முடிவு. கண்ணால பாக்கறவங்களே இதை இவ்வளவு உன்னிப்பாக் கவனிக்கறதில்லை!

பேட்டரி வேண்டாம், இறங்க இறங்க எல்இடி மங்கி, சுருதியும் நழுவும். மொபைல் சார்ஜர் போதும். கரைசல் 60–70 டிகிரியில இருக்கறதால ஆவி படிஞ்சு குரல் தானா இறங்கும். எல்இடியை விரல்கடை தள்ளி வெச்சு, கண்ணாடியைத் துடைக்கச் சொல்லு. பழைய சோக் டியூப்லைட் விநாடிக்கு 100 தரம் மினுக்கறது கரகரன்னு கேக்கும். கறுப்புச் சார்ட் சுத்திடு. கலக்கற கோல் வெளிச்சத்தை மறைக்கும், காந்தக் கலக்கி வை.

பர்மாங்கனேட்டை அளந்து விட 20 மில்லி சிரிஞ்ச். தண்டுல மில்லிக்கு ஒரு வெட்டு அரத்தால போடு, நகத்துக்குத் தட்டுப்படும். கடைசி மில்லியைச் சொட்டா எண்ணட்டும். மில்லிக்கு எத்தனை சொட்டுன்னு முன்னாடியே எண்ணி வெச்சுக்கணும். முடிஞ்ச உடனே கழுவலைன்னா ரப்பர் பழுப்பேறிடும்.

பக்கத்து மேசையிலயும் ஒண்ணு ஓடினா ரெண்டு குரலும் குழம்பும். ஸ்பீக்கருக்குப் பதிலா இயர்போன் குடு, 100 ஓமை 1 கிலோ ஓமா மாத்திட்டு. ஒரு காதுக்கு மட்டும். இன்னொண்ணு நீ சொல்றதைக் கேக்க.

அன்புடன்,
உன் மச்சான்