எல்.ஐ.சி. பீமா சகி: விண்ணப்பிக்க விரும்பும் உறுப்பினர்களின் கவனத்திற்கு

மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காப்பீட்டு முகவர் பணியைக் கிராமங்கள்வரை விரிவாக்கும் நோக்கில், 2024 டிசம்பர் 9 அன்று பானிப்பட்டில் தொடங்கப்பட்ட பீமா சகி திட்டத்தின் மூலம், மூன்று ஆண்டுகளில் 2 லட்சம் பெண்களை முகவர்களாகச் சேர்க்க எல்.ஐ.சி. இலக்கு வைத்துள்ளது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற, 18 முதல் 70 வயது வரையிலான பெண்கள் விண்ணப்பிக்கலாம். தற்போதைய முகவர்கள், ஊழியர்களின் நெருங்கிய உறவினர்கள் சேர இயலாது.

முதல் ஆண்டில் மாதம் ரூ.7,000, இரண்டாம் ஆண்டில் ரூ.6,000, மூன்றாம் ஆண்டில் ரூ.5,000 என உதவித்தொகையும், தனியே கமிஷனும் உண்டு. ஆனால் இது நிரந்தரச் சம்பள வேலை அன்று என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு 24 பாலிசிகளாவது சேர்க்க வேண்டும் என்பதோடு, முதல் ஆண்டில் சேர்த்தவற்றில் 65 சதவீதமேனும் இரண்டாம் ஆண்டின் அந்தந்த மாத இறுதியில் காலாவதியாகாமல் நடப்பில் இருந்தால்தான் அம்மாதத்திற்கான உதவித்தொகை கிடைக்கும். எனவே, தவணை கட்ட இயலாத உறவினர்களை வற்புறுத்திச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பினால், அவர்கள் கட்டிய பணமும் நம் மீதுள்ள நம்பிக்கையும் சேர்ந்தே போகும். எந்தக் குடும்பத்திற்கு எந்தப் பாலிசி பொருந்தும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லக்கூடியவர்களுக்கே இப்பணி நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

விருப்பமுள்ளவர்கள் மதிப்பெண் சான்றிதழ், முகவரிச் சான்று, புகைப்படத்துடன் அருகிலுள்ள கிளை அலுவலகத்தை நேரில் அணுகவும். பணியில் சேர்த்துவிடுவதாகக் கூறி இடைத்தரகர் எவர் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உடனே குழுவில் தெரிவிக்கவும்.