வக்கீலுக்குப் பொருளாதாரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பு பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டணம், நுழைவு, வேலை எல்லாம் விவரமாக இருந்தது. அரசியல் அறிவியல், பொருளாதாரப் பாடங்களுக்கு மட்டும் ஒரே வரி. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் மகளைத் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் சேர்த்திருக்கிறார். "வக்கீலாகப் போற பிள்ளைக்கு எக்கனாமிக்ஸும் தத்துவமும் எதுக்கும்மா?" என்று கேட்டார். அந்த வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கைடு வாங்கி மனப்பாடம் செய்து தேறினேன்.

குழித்துறையில் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தது. 1960-களில் இறந்துபோன அப்பாவின் ரப்பர் தோட்டத்தில் மகள் பங்கு கேட்டார். "ஸ்ரீதனம் கொடுத்தாச்சே, இனி என்ன பங்கு?" என்றார்கள் சகோதரர்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது 1916-ம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

அந்தச் சட்டம் 1951-லேயே போய்விட்டது என்று, கேரளத்தில் மேரி ராய் என்ற பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் சொல்லியிருந்தது. தீர்ப்பு என் கையில் இருந்தது. "அது ஏன் 1951?" என்று அந்த அம்மா கேட்டபோதுதான் திணறினேன். திருவிதாங்கூர் 1949-ல் கொச்சியோடு சேர்ந்து, மன்னராட்சியிலிருந்து வந்த 'பி' பிரிவு மாநிலமாகி, இந்தியச் சட்டங்கள் இங்கும் செல்லுபடியான கதை அது. நம் கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் 1956-ல் தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்தது. அரசியல் அறிவியல் கைடில் நான் புரட்டிப் போன பக்கம்.

அப்புறம் அந்த 5,000 ரூபாய். சட்டத்தில் எழுதிய தொகை எழுதியபடியே நின்றது, தோட்டத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. பையனுக்கு நிலமும் பெண்ணுக்கு ரொக்கமும் என்றால் ஒரு தலைமுறையில் என்ன ஆகும் என்பதைப் பொருளாதாரம் படித்தவர் உடனே கணக்குப் போட்டுவிடுவார்.

இன்னொன்று பல ஆண்டுகள் என்னை உறுத்தியது. மகளுக்குக் குறைத்துக் கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்ற வாதமும் அந்த வழக்கில் வைக்கப்பட்டது. பழைய சட்டமே இல்லை என்று ஆனதால், அதற்குள் போகத் தேவையில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. சட்டம் செல்லுமா என்பது வேறு, நியாயமா என்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக்குவது தத்துவம்தான். சட்டம் என்றால் என்ன என்று கேட்கும் சட்டவியல் பாடத்தைத் தேர்வுக்கு முந்தைய இரவில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

சட்டக் கல்லூரி ஆசிரியர்கள் இந்தத் தாள்களை நம் மாவட்டத்து வழக்குகளை வைத்தே நடத்த வேண்டும். நாஞ்சில் நாட்டில் சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கள்வழி முறை போனது எப்படி என்பதைச் சொன்னாலே அரசியலும் பொருளாதாரமும் சேர்ந்து வந்துவிடும்.

மேரி ராய் தீர்ப்பின் நகலை அண்ணன் மகளிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை கல்லூரிகளைப் பற்றி எழுதும்போது, இந்தப் பாடங்களுக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா, வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதையும் விசாரித்துப் போடுங்கள். பெற்றோர் அதையும் பார்த்துச் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பெண் வழக்கறிஞர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்