கண்ணாடி அறை வேலை முடிந்தது: உறுப்பினர்களுக்குக் கமிட்டியின் கணக்கு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஊட்டியில் நம் படிப்பகத்தின் கண்ணாடி அறை வேலை போன வாரம் முடிந்தது. மதிப்பீடு 4,20,000 ரூபாய், ஆன செலவு 5,08,000. கூடுதல் 88,000 எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கமிட்டியும் கான்ட்ராக்டரும் கூட்டு என்ற பேச்சும் காதுக்கு வந்தது, மனம் வலித்தது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சுவர்களில் ஒற்றைக் கண்ணாடியை எடுத்துவிட்டு, நடுவே 12 மில்லிமீட்டர் காற்று இடைவெளி உள்ள இரட்டைக் கண்ணாடி போட்டாயிற்று. வெளியேறும் சூடு இதில் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். தரைப்பலகை, வயரிங், உயரத்தில் இரண்டு காற்றுத் திறப்பு எல்லாம் சொன்ன தேதியில் முடிந்தன.

கூரைதான் எங்களைப் படுத்தியது. கண்ணாடிக் கூரையை எடுத்துத் தகரம் போட்டதும் வெளிச்சம் போச்சே என்று பலர் வருத்தப்பட்டீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுக்கும் ஊரில், அறையின் சூடு அந்தக் கண்ணாடி வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. மே மாத மதியத்திலோ அதன் கீழே உட்கார முடியாது. மூன்று பக்கமும் கண்ணாடி இருக்க, படிக்க வெளிச்சம் போதும்.

தகரத்துக்கு அடியில் கிளாஸ் வுல் எனும் கண்ணாடி இழைப் பஞ்சு, அதன் கீழே ஆவி மேலே ஏறாமல் தடுக்க அலுமினிய ஃபாயில், மூட்டுகளில் டேப், அப்புறம் பலகை என்று கொட்டேஷனிலேயே இருந்தது. ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. அவசரத்தில் கான்ட்ராக்டர் ஃபாயில் இல்லாமலே பலகை அடித்துவிட்டார். அறையைத் திறந்த ஒரு வாரத்தில், மேசையில் விரித்திருந்த நாளிதழ் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "பனிதான் சார், தானா சரியாயிடும்" என்றார் கான்ட்ராக்டர். கூரை ஒழுகவில்லை என்பது உண்மைதான். நம் மூச்சும் டீ கெட்டிலின் ஆவியும் பஞ்சுக்குள் ஏறி, குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி இறங்கியது. ஒரு பலகையைக் கழற்றி ஒரு பிடி பஞ்சைப் பிழிந்தேன். முழங்கை வரை வழிந்தது, கை இரண்டு நாள் அரித்தது. நனைந்த பஞ்சு குளிரைத் தடுக்காது.

பிரித்துச் செய்யத் தனிக்கூலி கேட்டார். கடைசித் தவணையை நிறுத்தினோம். மூன்று முறை உட்கார்ந்து பேசி, கூலி அவருடையது, புதுப் பஞ்சும் ஃபாயிலும் நம்முடையது என்று முடிந்தது. அதற்கு 61,000. முழுவதையும் அவர் தலையில் கட்டியிருக்கலாமே என்கிறீர்கள். கட்டியிருந்தால் அவர் பாதியில் போயிருப்பார், மழையில் திறந்த கூரையோடு நின்றிருப்போம். பலகை அடிக்கும் முன் ஏணி போட்டு ஏறிப் பார்க்காதது எங்கள் தவறு, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மீதி 27,000, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றி வரும்போது உடைந்த இரண்டு கண்ணாடிகளுக்கு.

கொடுத்தவர்களை மறக்க முடியாது. லவ்டேல் டாக்டர் குடும்பம், காந்தல் மளிகைக்கடை அண்ணாச்சி, மார்க்கெட் காய்கறி வியாபாரிகள், ஃபிங்கர்போஸ்ட் ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், வெளிநாட்டிலிருந்து அனுப்பிய நம் பழைய வாசகர்கள், பென்ஷனில் மாதம் 1,000 கொடுத்த கேத்தி டீச்சரம்மா. எல்லாப் பெயரும் வாசல் பலகையில் இருக்கிறது.

ஞாயிறு காலை ஆறரைக்கு அறையைத் திறந்தேன். வெளியே புல்லில் உறைபனி, உள்ளே கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. கதவின் அடியில் மட்டும் காற்று வருகிறது, இந்த வாரம் ரப்பர் பட்டை வைத்துவிடுவோம். பில்கள் ஃபைலில் இருக்கின்றன, ஞாயிறுதோறும் பத்து முதல் பன்னிரண்டு வரை வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர், சீரமைப்புக் கமிட்டி